மீன் வியாபாரமும் சுகாதாரப் பரிசோதனையும்



பினாங்குத் தீவிலும் செபராங் பிறை வட்டாரத்திலும் நம்மவர் நடத்தும் தொழில்களில் மீன் சேராத தொழில் குறைவு. நாசி கண்டார் கடையில் மீன்தலைக் கறியும் கணவாயும். மளிகைக் கடையில் கருவாடும் நெத்திலியும் பெலாச்சானும். இறைச்சி வாங்கும்போது, "யார் அறுத்தது? ஹலால் முத்திரை எங்கே?" என்று தவறாமல் கேட்கிறோம். மீனுக்கு அறுப்பு இல்லை. அதனால் கேள்வியும் இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் இறைச்சியைவிட விரைவில் கெடுவது மீன். ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது. ஆகுமானதாக இருந்தால் போதாது. தூய்மையானதாகவும் இருக்க வேண்டும். ஆகவே மீனைப் பரிசோதிப்பது யார், அத்தாட்சி கொடுப்பது யார், அந்த அத்தாட்சி எதுவரை செல்லும் என்பதை வியாபாரியாகிய நாம் அறிந்திருப்பது கடமையாகும்.

1. பரிசோதிப்பது யார்?

நம் நாட்டில் உணவு விஷயத்திற்கு அடிப்படை 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம். அதன் கீழ் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குவிதிகளும், 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார ஒழுங்குவிதிகளும் உள்ளன. இவற்றை நடத்துவது சுகாதார அமைச்சு. மீன்பிடியும் மீன் வளர்ப்பும் மீன்பிடி இலாகாவின் பொறுப்பு. நம் பகுதியில் மார்க்கெட்டும் கடை லைசென்ஸும் செபராங் பிறை மாநகராண்மைக் கழகத்தின் பொறுப்பு.

சுகாதார அதிகாரி கடைக்குள் வரலாம், மாதிரி எடுக்கலாம், கெட்ட பொருளைக் கைப்பற்றலாம், அசுத்தமான கடையை 14 நாள் வரை மூடலாம். உடலுக்குத் தீங்கு செய்யும் பொருள் கலந்த உணவை விற்றவருக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமும், 10 ஆண்டு வரை சிறையும் உண்டு. உணவைக் கையாளும் வேலையாள் பயிற்சி பெற்று, டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும் என்பதும் சட்டமே.

2. வெளிநாட்டிற்குப் போகும் மீனும் வீட்டிற்கு வரும் மீனும்

2008ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பரிசோதகர்கள் இங்கு வந்து, மீன் ஏற்றுமதித் தொழிலின் சுகாதாரத்தில் குறை கண்டார்கள். மலேசியா தானே அந்நாடுகளுக்கு மீன் அனுப்புவதைச் சில காலம் நிறுத்திக்கொண்டது. பிறகு ஐரோப்பாவுக்குப் போகும் மீனுக்குச் சுகாதார அத்தாட்சி வழங்குவதற்கென்றே 2009இல் தனி ஒழுங்குவிதி பிறந்தது. வாங்குகிறவன் கண்டிப்பாகக் கேட்டான், விற்கிறவன் திருந்தினான்.

நம் பாசாரில் காலையில் விற்கும் கெம்போங் மீனுக்கு அப்படிக் கூடைக்குக் கூடை அத்தாட்சி கிடையாது. அதிகாரி வந்து மாதிரி எடுத்தாலும், சோதனை முடிவு வருமுன் அந்த மீன் சட்டிக்குப் போய்விடும். ஆசியாவின் பல நாடுகளில் உள்ளூர் மார்க்கெட்டின் நிலை இதுதான். ஐரோப்பியரின் வயிறு வேறு, நம் பிள்ளைகளின் வயிறு வேறா?

3. மீனில் வரும் தீங்கு மூன்று வகை

முதலாவது, கடலிலேயே வருவது. பேத்தை மீனில், அதாவது இக்கான் புந்தாலில் உள்ள நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. 2023 மார்ச்சில் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கம் ஒரு முதிய தம்பதியர் அந்த மீனைச் சமைத்து உண்டனர். மனைவி அன்றே இறந்தார். கணவர் ஏப்ரலில் இறந்தார். பல ஆண்டு வாடிக்கையாக வாங்கிய வியாபாரி என்பதால் சந்தேகப்படவில்லை என்று வீட்டார் சொன்னார்கள். சகோதரர்களே, இந்த ஒரு வார்த்தை நம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் தைக்க வேண்டும். வாடிக்கைக்காரர் மீனைப் பார்த்து வாங்குவதில்லை. நம் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்.

சிப்பி வகையிலும் இந்த ஆபத்து உண்டு. 2024 ஏப்ரலில் போர்ட் டிக்சன் கடலில் நச்சுப் பாசி பெருகியபோது, அங்குள்ள சிப்பியை உண்ண வேண்டாம் என்று மீன்பிடி இலாகா எச்சரித்தது. அந்த நஞ்சும் சமைப்பதால் போகாது. 1988இல் சீனாவின் ஷாங்காய் நகரில், சாக்கடை கலந்த நீரில் வளர்ந்த சிப்பியை அரைவேக்காட்டில் உண்டு ஏறத்தாழ 3 லட்சம் பேர் மஞ்சள் காமாலை கண்டார்கள். நம் கடைகளில் புழங்கும் கெராங்கும் அந்தச் சிப்பியின் இனமே. கெராங் எந்த ஆற்று வாயிலிலிருந்து வந்தது என்று கேட்பது விற்பவன் கடமை. நன்றாக வேகவைப்பது சமைப்பவன் கடமை.

இரண்டாவது, வெயிலில் வருவது. கெம்போங், தொங்கோல், தெங்கிரி போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. உண்டவருக்கு முகம் சிவந்து, தடித்து, தலைவலியும் வாந்தியும் வரும். ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கலாகாது என்பது உலகப் பொது அளவுகோலான கோடெக்ஸ் விதி. உண்டான பிறகு கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் இது அழியாது. மசாலா வாடையை மறைக்கும், நஞ்சை மாற்றாது.

மூன்றாவது, மனிதன் கையால் வருவது. பிணம் கெடாமல் வைக்கும் பார்மலினை மீனில் தெளிக்கும் அநியாயம் அது. 2018 ஜூனில் கேரள சர்க்கார், 'ஆப்பரேஷன் சாகர் ராணி' என்ற நடவடிக்கையின்போது, தமிழ்நாட்டு எல்லையில் உள்ள ஆரியங்காவு சோதனைச் சாவடியில் பார்மலின் கலந்த மீனும் இறாலுமாக 9,600 கிலோ பிடித்தது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், பார்மலினைச் சில நிமிடங்களில் நிறமாற்றத்தால் காட்டும் காகிதப் பட்டையை உண்டாக்கியிருந்தது. படித்தவர்களின் சோதனைச் சாலை, சாலையோரத்து அதிகாரியின் கைக்கே வந்துவிட்டது. அதுபோலவே மீன் உருண்டையில் போரிக் அமிலம் சேர்ப்பதும் நம் நாட்டில் குற்றம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்துள்ளது.

4. முத்திரைகள் சொல்வது என்ன?

மெஸ்தி அத்தாட்சி உணவு தயாரிக்கும் இடத்திற்கு. பெஸ் அங்கீகாரம் உணவுக்கடைக்கு. மைகேப் அத்தாட்சி மீன் வளர்க்கும் குளத்திற்கும் கூண்டிற்கும். ஜாக்கிம் ஹலால் அத்தாட்சி நம் எல்லோருக்கும் தெரிந்ததே. இவை யாவும் நல்லவை. முயன்று பெற வேண்டியவை. ஆனால் இவை இடத்தையும் முறையையும் பார்த்துக் கொடுக்கப்படுபவை. இன்று காலை நாம் வாங்கிய இந்தக் கூடை மீன் நல்லதா என்பதை எந்தச் சட்டமிட்ட காகிதமும் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவன் வாங்கி விற்கும் வியாபாரியே.

5. நாம் செய்ய வேண்டியது

ஒன்று: யாரிடம், எந்த நாள், எந்த மீன், எவ்வளவு என்று தனி நோட்டில் எழுதி, கொள்முதல் சீட்டையும் வைத்திருங்கள். ஒரு கூடையில் குறை வந்தால், மற்ற கூடைகளைத் தடுக்க அந்த நோட்டே உதவும். இரண்டு: மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் போடுங்கள். ஐஸ் காசை மிச்சம் பிடிக்கிறவர் மீனின் மதிப்பை இழக்கிறார். மூன்று: பெயர் தெரியாத மீனையும், தோலுரித்துத் துண்டாக்கி வந்த மலிவு மீனையும் வாங்காதீர்கள். நான்கு: மீனில் ஈ உட்காரவில்லை என்றால் மகிழாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். ஐந்து: சந்தேகம் வந்தால் விற்காமல் எடுத்து வைத்துச் சுகாதார இலாகாவுக்குச் சொல்லுங்கள். அதிகாரியைக் கண்டு கதவடைப்பது நமக்கு அழகல்ல.

பாசார் பரிசோதனை நமக்குப் புதிதுமல்ல. முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் என்ற அதிகாரி அங்காடியைச் சுற்றி வந்து எடையையும் சுத்தத்தையும் பார்த்தார். 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ அவ்வேலைக்கென எழுதிய நூலில் மீன் பொரிப்பவர்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. இன்று ஒவ்வொரு பாசாருக்கும் ஒரு முஹ்தஸிப் இல்லை. ஆகவே ஒவ்வொரு கடையிலும் கல்லாவில் இருப்பவரே அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும்.

கெட்ட மீனைக் கொட்டினால் ஒரு நாள் லாபம் போகும். விற்றால், நம்மை நம்பிய ஒரு குடும்பமே போகலாம். இந்தக் கணக்கை நாம் எந்நாளும் மறவாதிருப்போமாக. அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத்துச் செய்வானாக. ஆமீன்.