குடிக்க முடியாத பானி

அன்புள்ள தம்பிக்கு,

'காலாபானி' என்றால் காலனின் நீர் என்று போர்ட் பிளேரில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். கதை நன்றாக இருக்கிறது. சொல்தான் இடம் கொடுக்கவில்லை. இந்தியில் காலத்தையும் சாவையும் குறிப்பது 'கால்'. கடைசியில் 'காலா' என்று நீண்டால் கறுப்பு. சொல்லாராய்ச்சியில் ஒரு நெடிலைக் கோட்டைவிட்டால் வேறு ஊரில் போய் இறங்குவாய்.

எனக்கு 'பானி'யின் கதைதான் பிடிக்கும். சமஸ்கிருதத்தில் 'பா' என்பது பருகுதல்; 'பானீய' என்றால் பருகத் தக்கது. பிறகு அதுவே நீரின் பெயராகி, பிராகிருதத்தின் வழியே தேய்ந்து, மராத்தி, குஜராத்தி, பஞ்சாபியில் 'பாணி' என்றும், இந்தி, நேபாளியில் 'பானி' என்றும் ஆனது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவை விட்டுப் போன ரோமானி மக்கள் ஐரோப்பாவில் இன்னமும் 'பானி' என்கிறார்கள். வீடு வாசலை விட்டுப் போனவர்கள் தண்ணீரின் பெயரை விடவில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பருகத் தக்கது என்று பிறந்த சொல், ஒரு வாய் குடிக்க முடியாத கடலுக்குப் பெயராயிற்று. கடந்தால் சாதி போய்விடும் என்று அஞ்சிய அந்தக் கடலின் பெயர், 1858-இல் கைதிகள் வந்திறங்கிய உங்கள் தீவுக்கும் ஒட்டிக்கொண்டது. 1906-இல் செல்லுலார் சிறை கட்டி முடித்தபோது பெயர் பழையதாகியிருந்தது. சிரிக்காதே. தண்ணீர் என்றால் குளிர்ந்த நீர். நாம் கூசாமல் 'சுடுதண்ணி' கேட்கிறோமே!

உன் பட்டியலில் பனியையும் பானையையும் பானிக்கு உறவாக்கியிருக்கிறாய். அடித்துவிடு. காதுக்கு ஒத்ததெல்லாம் பங்காளி இல்லை. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியைப் புரட்டு; இரண்டுக்கும் அங்கே தனித்தனி வீடு. நிஜமான உறவு, ராமநவமிக்கு அம்மா வெல்லம் கரைக்கும் பானகம். அந்தப் பக்கத்து வழித்தோன்றல்களுக்கு டர்னர் 1966-இல் முடித்த இந்தோ-ஆரிய ஒப்பியல் அகராதி இருக்கிறது. கறுப்பைக் குறிக்கும் 'கால'வுக்கே திராவிட மூலம் சொல்லும் அறிஞர்களும் உண்டு. அதைப் படித்ததும் துள்ளிக் குதிக்காதே, மறுப்பவர்களையும் படி.

அகராதியோடு நின்றுவிடாதே. பல மாநிலத்துக் கைதிகளும் குடியேறிகளும் சேர்ந்து பழகிய இந்தி உன் தெருவில் ஓடுகிறது. டிக்லிபூர் பக்கம் போனால் வங்காளிகள் வீட்டில் தண்ணீர் கேள். 'ஜோல்' என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, உன்னிடம் 'பானி' என்கிறார்களா? கேட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்