டெல்ஃப்டியாவின் ஜீனோமைப் படிப்பது எப்படி?

அன்புள்ள ஸ்டெல்லா,

மைசூர் மைன்ஸில் காற்றடித்தால் தங்கம் பிரித்த கழிவான சைனைடு மேட்டு மண் வீட்டுக்குள் வந்துவிடுகிறது, "அதில் மிச்சமிருக்கிற தங்கத்தை பாக்டீரியாவை வைத்து எடுக்க முடியாதா சித்தப்பா?" என்று கேட்டிருந்தாய். நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தை 2001 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். மேடுகள் சுமார் 3.3 கோடி டன் அப்படியே நிற்கின்றன. இப்போதைக்கு முடியாது என்பதுதான் என் பதில். ஆனால் நீ படிக்கும் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸுக்கு இது அருமையான பாடம்.

டெல்ஃப்டியா அசிடோவோரன்ஸ் என்ற பாக்டீரியா தங்கக் கட்டிகளின் மேல் வாழும். கரைந்த தங்கம் அதற்கு விஷம். அதனால் டெல்ஃப்டிபாக்டின் என்ற பொருளைச் சுரந்து, தங்கத்தை வெளியிலேயே திடமாகப் படியவைத்துவிடும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2013இல் இதை வெளியிட்டது. அவர்களுக்கு வழிகாட்டியது அதன் ஜீனோம்.

இப்படிப்பட்ட பொருளைச் செய்யும் மரபணுக்கள் பெரும்பாலும் அடுத்தடுத்தே இருக்கும். 2011இல் வந்த ஆன்டிஸ்மாஷ் என்ற மென்பொருளில் ஜீனோம் வரிசையைக் கொடுத்தால் அந்தக் கூட்டத்தைக் காட்டிவிடும். அதற்கும் முன்பே, டில்லி தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தில் தேபாசிஸ மொகந்தி, ராஜேஷ் கோகலே குழு 2003இல் சர்ச்பிகேஎஸ் மென்பொருளையும் மறுவருடம் என்ஆர்பிஎஸ்-பிகேஎஸ்ஸையும் செய்தது. உன் வகுப்பில் இதை யாராவது சொன்னார்களா?

டெல்ஃப்டிபாக்டினைச் செய்யும் நொதி மாரிக்குப்பம் ரயில் மாதிரி, பெட்டி பெட்டியாகக் கோத்தது. அநேகமாக ஒவ்வொரு பெட்டியும் ஓர் அமினோ அமிலத்தைச் சேர்க்கும். எதைச் சேர்க்கும் என்பதை, அதிலுள்ள ஒரு சிறு குழியைச் சுற்றியிருக்கும் சுமார் 10 அமினோ அமிலங்கள் தீர்மானிக்கின்றன. மென்பொருள் அந்தப் பத்தை ஏற்கெனவே தெரிந்தவற்றோடு ஒப்பிட்டு விடை சொல்லும். பழகிய வகையென்றால் பிடித்துவிடும்; புதுசென்றால் சொதப்பும். அது ஊகம்தான், மறக்காதே.

2013இலேயே ஜெர்மனியின் ஹைடல்பர்க் மாணவர்கள், மின்கழிவிலிருந்து தங்கம் எடுப்பதற்காக டெல்ஃப்டிபாக்டினைச் செய்யும் மரபணுக்களை ஈ.கோலைக்குள் வைத்துப் பார்த்தார்கள். மரபணுவை வைத்தால் மட்டும் போதாது. இந்த நொதிக்கு ஒரு வேதிக் கை பொருத்தப்பட வேண்டும்; அதை ஈ.கோலை பல சமயம் சரியாகச் செய்யாது. எனவே பேசில்லஸ் சப்டிலிஸின் எஸ்எஃப்பி நொதியையும் சேர்த்து வைப்பது வழக்கம்.

நம் மேட்டு விஷயம்: டெல்ஃப்டிபாக்டின் கரைந்த தங்கத்தைத்தான் படியவைக்கும், மண்ணிலிருந்து கரைத்தெடுக்காது. பாக்டீரியாவைத் தெளித்தால் தங்கம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் காசு கொடுத்துவிடாதே.

டெல்ஃப்டியாவின் ஜீனோம் என்சிபிஐயில் இலவசமாகக் கிடைக்கிறது. ராத்திரி ஆன்டிஸ்மாஷில் போட்டுவிட்டுத் தூங்கு. காலையில் வந்த விடையை டெல்ஃப்டிபாக்டினின் உண்மையான அமைப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, எந்தப் பெட்டியில் பிசகியிருக்கிறது என்று எழுது.

உன் சித்தப்பா