கடல் பளபளக்கிறது, வலை கனக்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய டெமோவை ஆடிப் பார்த்தேன். நெம்மேலிக் கடலை அப்படியே கொண்டுவந்துவிட்டாய். காலை வெயில் அலைமேல் சிதறுவதும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தூரத்தில் மங்கலாகத் தெரிவதும் பிரமாதம். ஆனால் கரைவலை இழுக்கும் கட்டத்தில் ஒரே பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் போதும், மீன் வந்துவிடுகிறது. இரண்டாம் முறை வலை போட எனக்குத் தோன்றவில்லை.

கிராபிக்ஸ் வளர வளர கேம் கெட்டுப்போகிறதா என்று கேட்டிருந்தாய். பாதி உண்மை. என் கணக்கில் குற்றவாளி, கிராபிக்ஸ் தின்கிற நேரம்தான். ஒரு பாறையை நாலு நாள் இழைத்தவனுக்கு, அந்தக் கட்டமே வேண்டாம் என்று தூக்கிப்போட மனம் வராது. பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077 விலையுயர்ந்த கணினிகளில் கண்ணைப் பறித்தது, பிளேஸ்டேஷன் 4இல் திணறியது. சில நாட்களிலேயே சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டது.

வசதி குறைவாக இருந்தபோது என்ன நடந்தது என்று பார்க்க 1978க்குப் போ. நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் அத்தனை எதிரிகளையும் வேகமாக வரைய அன்றைய சிப்புக்குத் திராணி இல்லை. சுட்டு வீழ்த்த வீழ்த்த வரைகிற வேலை குறையும், மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். அவர் அதைத் திருத்தாமல் விட்டார். ஆடியவர்களுக்கு உள்ளங்கை வியர்த்தது அதனால்தான்.

நம்மவர் செய்த 'வெண்பா'வையும் பார். டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. தட்டையான 2டி ஓவியம்தான். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம்; சமையல் குறிப்பேடு கிழிந்து, வரிகள் அழிந்து கிடக்கிறது. எதற்குப் பின் எது என்று நாமே யோசித்துச் சமைக்க வேண்டும். அந்த யோசனைதான் ஆட்டம், அதுவேதான் கதையும். சீக்கிரம் முடிந்துவிடுகிறது, இன்னும் இரண்டு பதார்த்தம் வைத்திருக்கலாம் என்பது என் குறை. அப்படியிருந்தும் வெளியான அடுத்த ஆண்டே சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது.

உன் கடலை அழிக்கச் சொல்லவில்லை, அதற்கு வேலை கொடு. வாடைக் காற்றா, கொண்டலா என்பதை ஆடுகிறவன் அலையைப் பார்த்தே கண்டுபிடிக்கட்டும். வலையை எப்போது விடுவது என்று அவனே முடிவெடுக்கட்டும். கரைவலைக்கு இரண்டு கயிறு. இரண்டு பக்கமும் ஒரே சீராக இழுக்காவிட்டால் வலை கோணும், மீன் தப்பும். இதைவிட நல்ல விதி எந்த இன்ஜினிலும் கிடைக்காது. உங்கள் குப்பத்துப் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து கேள்.

அடுத்த டெமோவில் கடல் வெறும் சாம்பல் நிறமாகவே இருக்கட்டும். மலிவான போனில் ஓடும்படி செய்து முதலில் ஊர்ப் பசங்களிடம் கொடு. "இன்னொரு தரம் தாண்ணே" என்று அவர்கள் கேட்டால் எனக்குச் சொல். ரே டிரேசிங் மாதிரி ஒளி வித்தைகள் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்