பால் பம்ப்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

1. பிரசவப் பையில் பம்ப்பையும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை. முதல் சில நாட்களில் சுரக்கும் சீம்பால் கொஞ்சமாகவும் கெட்டியாகவும் இருக்கும். பம்ப்பில் எடுத்தால் பாதி அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். குழந்தையால் சப்ப முடியவில்லை என்றால் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். குறைமாதக் குழந்தை, தாயைப் பிரிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தை என்றால் மட்டும் முதல் நாளிலேயே மருத்துவரிடம் பம்ப் பற்றிக் கேளுங்கள். மற்றவர்கள் ஒரு மாதம் பொறுக்கலாம். தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் குழந்தை இருக்க, அதற்கு மேலும் பம்ப் செய்தால் சுரப்பு தேவைக்கு மேல் ஏறி, பால் கட்டிக்கொள்ளும்.

2. எப்போதாவது கல்யாணம், கடைத்தெரு என்று போய்வர கையால் அழுத்தும் பம்ப் போதும். விலையும் குறைவு, சத்தமும் இல்லை. தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சார பம்ப்தான் சரி. 15 முதல் 20 நிமிடத்தில் வேலை முடியும். சார்ஜில் ஓடுவதா என்று பாருங்கள். பால் குழாய்வழியே மோட்டாருக்குள் போகாதபடி தடுப்பு உள்ளதா என்றும் கேளுங்கள். தடுப்பு இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், கண்ணுக்கும் தெரியாது.

3. பலர் கோட்டை விடுவது புனலின் அளவில்தான். மார்பில் பொருத்தும் அந்தப் புனல் பெரும்பாலும் 24 அல்லது 28 மில்லிமீட்டர் அளவில்தான் பம்ப்போடு வரும். எல்லோருக்கும் அது பொருந்தாது. காம்பின் குறுக்களவை ஸ்கேலில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பம்ப் ஓடும்போது காம்பு குழலுக்குள் தடையில்லாமல் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். உரசி வெளுத்தால் புனல் சிறியது; காம்பைச் சுற்றிய கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் பெரியது. இரண்டிலுமே வலிக்கும், பாலும் குறையும். விலை உயர்ந்த பம்ப்பைவிடப் பொருத்தமான புனல்தான் பால் தரும். பிரித்த பம்ப்பைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் திரும்ப வாங்க மாட்டார்கள். வேறு அளவுப் புனல் தனியாகக் கிடைக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள்.

4. இழுவிசையைக் கூட்டினால் பால் கூடும் என்பது தப்புக் கணக்கு. வலியில் பால் இறங்காது. முதல் ஓரிரு நிமிடம் மென்மையாகவும் வேகவேகமாகவும் இழுக்கும் நிலையில் வையுங்கள். பால் இறங்கியதும் நிதானமான நிலைக்கு மாற்றுங்கள். வெதுவெதுப்பான ஒத்தடம், குழந்தையின் போட்டோ இரண்டும் கை கொடுக்கும்.

5. பாட்டிலில் வந்த அளவைப் பார்த்து, 'உனக்குப் பாலே இல்லை' என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். குழந்தையின் வாய் இழுப்பதுபோல் எந்த மோட்டாரும் இழுப்பதில்லை. எடை ஒழுங்காக ஏறுகிறதா, சிறுநீர் அடிக்கடி போகிறதா என்பதுதான் கணக்கு. பொதுவாகக் காலையில் பால் அதிகம் வரும்.

6. அலுவலகத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எடுங்கள். கழிவறையில் நின்றுகொண்டு எடுக்கும் கொடுமை வேண்டாம். கதவு பூட்டும் ஓர் அறையைக் கேளுங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று 1961-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமே சொன்னது. கேட்பதற்குக் கூச்சம் எதற்கு? வெளியூர்ப் பயணத்தில் பேருந்து நிலையங்களில் இருக்கும் பாலூட்டும் அறைகளைத் தேடுங்கள். தமிழக அரசு 2015-ல் தொடங்கிய ஏற்பாடு அது.

7. எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கை நம்பாமல் உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் 4 நாள். ஃப்ரீசரில் 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே பின்பக்கம் வையுங்கள். 60 முதல் 90 மில்லி வீதம் பிரித்து, தேதி எழுதுங்கள். அலுவலகத்திலிருந்து கொண்டுவர ஐஸ்பேக் போட்ட பை போதும்.

8. மேலே ஆடைபோல் கொழுப்பு படிந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். உறைந்து உருகிய பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை குடித்து மீந்ததை 2 மணி நேரத்துக்குள் புகட்டுங்கள், இல்லையேல் கொட்டிவிடுங்கள்.

9. பால் பட்ட பாகங்களை ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் கழுவுங்கள். சிங்க்கில் நேராகப் போடாமல், அதற்கென்றே ஒரு பேசின் வையுங்கள். பச்சிளங்குழந்தை என்றால் தினம் ஒருமுறை 5 நிமிடம் கொதிக்கவைத்து, காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைக்க வேண்டாம்.

10. மார்பு கல்லாகி வலித்தால் பம்ப்பை அதிக நேரம் ஓட்டி 'காலி' செய்ய நினைக்காதீர்கள், வீக்கம் கூடும். பாரம் குறையும் அளவுக்கு எடுத்துவிட்டு, குளிர் ஒத்தடம் கொடுங்கள். சிவந்து காய்ச்சலும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

11. நாத்தனாரின் பழைய பம்ப்பை வாங்கிப் பயன்படுத்துவது, பலர் பயன்படுத்தவென்றே செய்த மருத்துவமனை ரகம் தவிர, நல்லதல்ல.

12. நன்றாக வந்துகொண்டிருந்த பால் சில மாதம் கழித்துத் திடீரெனக் குறைந்தால், பால்சுறாவுக்கும் பூண்டுக்கும் ஆள் அனுப்புவதற்கு முன் பம்ப்பின் ரப்பர் வால்வைப் பாருங்கள். தினமும் ஓடும் பம்ப்பில் அது தளர்ந்து இழுவிசை போய்விடும். தனியாக விற்கிறார்கள், மாற்றிப் பாருங்கள்.