சர்க்கரை குறைவது ஏன்?

நீரிழிவால் சிறுநீரகங்கள் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கிய பின், நெடுநாளாக உயர்ந்தே இருந்த சர்க்கரை சிலருக்குத் தானே இறங்குவதுண்டு. நோய் நீங்கியதென இல்லத்தார் மகிழ்வர். அம்மகிழ்ச்சிக்கு இடமில்லை.

உடலில் பணி முடித்த இன்சுலினைச் சிதைத்து அகற்றுவதில் சிறுநீரகத்திற்குப் பெரும்பங்குண்டு. அது பழுதுற்றால், ஊசிவழிச் செலுத்திய இன்சுலின் குருதியில் நெடுநேரம் தங்கும். புதிதாகக் குளுக்கோசை ஆக்கித் தரும் வேலையையும் சிறுநீரகம் ஓரளவு செய்துவந்தது, அதுவும் குன்றும். பசியும் மங்கும். எனவே, மருத்துவரைக் கேளாது பழைய அளவிலேயே இன்சுலின் போட்டுக்கொள்பவர் நள்ளிரவில் வியர்த்து நடுங்கி நினைவிழக்க நேரலாம்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் குருதிச் சோதனையும் இங்கு முழுச் சான்றாகாது. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்பவை. சிறுநீரகம் செயலிழந்தோரிடம் அவ்வாழ்நாள் சுருங்குவதால், அவற்றின்மீது சர்க்கரை படியும் காலமும் குறைகிறது. முடிவு உண்மையினும் தாழ்வாகத் தோன்றலாம். விரல்நுனிக் குருதியை அடிக்கடி சோதித்துக் குறித்துவைத்தல் வேண்டும்.

வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்பது டயாலிசிஸின் வழக்கமான கணக்கு. 1943இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் உருவாக்கிய கருவியின் வழிவந்த இன்றைய கருவி, யூரியாவையும் மிகைநீரையும் அகற்றும். நரம்புகளிலும் இரத்தக்குழாய்களிலும் நீரிழிவு முன்பே விளைத்த சேதத்தை அது தொடுவதில்லை. இந்நோயாளிகளின் இறப்புக்கு இதயநோயே முதன்மைக் காரணம். உணர்விழந்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது; புண்ணான பின்னரே தெரியும். ஆதலால் நல்ல டயாலிசிஸ் பிரிவுகளில் செவிலியர் சர்க்கரை அளவோடு விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பார்க்கின்றனர்.