உருவிய வாளைக் கைமாற்றலாமா?

(தீர்த்தமலை ஜுமுஆ பயானின் எழுத்து வடிவம்)

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ஸய்யிதினா முஹம்மதின் வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஃது.



சென்ற வாரம் ஜுமுஆ முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், காஸாவில் குழந்தைகளைக் கொல்கிற நாட்டுக்கு நம்ம நாட்டிலிருந்து ஆயுதம் போகுதுன்னு சொல்றாங்க. அது ஹராம்தானே?" என்று கேட்டார். "ஆமாம் தம்பி, அநியாயத்துக்குத் துணைபோவது ஹராம்" என்றேன். உடனே அடுத்த கேள்வியைப் போட்டார். "அப்போ நம்ம நாடு மறுபக்கத்துக்கு, பலஸ்தீனத்துக்கு ஆயுதமும் பணமும் கொடுத்தா அது ஹலால்தானே?"

முதல் கேள்விக்குச் சொன்ன வேகத்தில் இரண்டாவதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "வருகிற ஜுமுஆவில் சொல்கிறேன்" என்று அனுப்பினேன். இந்தக் கேள்வி உங்களில் பலருடைய மனதிலும் இருக்கும். எனவே இன்றைய பயானே அதற்கான பதில்தான்.

முதல் கேள்வி எங்கிருந்து வந்தது?

2024 மே மாதம் 'மரியான் டேனிகா' என்ற கப்பல் நம் சென்னையிலிருந்து இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்தை நோக்கிப் போனது. அதில் இஸ்ரேலுக்கான ஆயுதச் சரக்கு இருக்கிறது என்று சொல்லி, ஸ்பெயின் அரசு தன் கார்டஹேனா துறைமுகத்தில் அது ஒதுங்க அனுமதி மறுத்தது. மத்திய கிழக்கிற்குத் தேவை ஆயுதம் அல்ல, அமைதி என்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் காரணமும் சொன்னார்.

அதே ஆண்டு, இஸ்ரேலுக்கு ஆயுதம் ஏற்றுமதி செய்யும் இந்திய நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும் என்று ஓய்வுபெற்ற அதிகாரிகள் உள்ளிட்ட சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். செப்டம்பர் 9 அன்று அம்மனு தள்ளுபடியானது. வெளியுறவுக் கொள்கை அரசின் பொறுப்பு, அதில் நீதிமன்றம் நுழைய முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி அது அரசின் முடிவு. ஆனால் குடிமக்களாகிய நாம் சரி எது, தவறு எது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். நாளை அல்லாஹ்விடம் நம் நாவுக்கும் மௌனத்துக்கும் கேள்வி கணக்கு இருக்கிறது.

ஆயுதத்தைக் கொடுப்பதில் மார்க்கத்தின் பேணுதல்

நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவும்படியும், பாவத்திலும் வரம்பு மீறலிலும் உதவக் கூடாது என்றும் அல்லாஹு தஆலா கட்டளையிட்டிருக்கிறான் (5:2). இந்த வசனம் குற்றம் செய்பவனோடு, அவனுக்குத் துணை நிற்பவனையும் பிடிக்கிறது.

பள்ளிவாசலுக்கோ கடைவீதிக்கோ அம்புகளோடு வருபவர், யாருக்கும் காயம் படாமல் அதன் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் இன்னொருவர் கையில் கொடுப்பதையும் தடுத்தார்கள் (அபூதாவூத், திர்மிதி). யோசித்துப் பாருங்கள். கொடுப்பவரும் நல்லவர், வாங்குபவரும் நல்லவர், அங்கே சண்டையும் இல்லை. அப்போதே இவ்வளவு பேணுதல்!

குழப்பமான காலத்தில் ஆயுதம் விற்பதை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் வெறுத்தார்கள் என்று இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஹனஃபி மத்ஹபின் ஹிதாயாவிலும், குழப்பம் செய்பவர்கள் என்று தெரிந்தவர்களுக்கு ஆயுதம் விற்பது மக்ரூஹ் என்று இருக்கிறது.

குரைஷிகள் கொடுத்த ஆயுதம்

ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் 10 ஆண்டுகளுக்குப் போர் நிறுத்தம் ஏற்பட்டது. எந்தக் கூட்டத்தாரும் விரும்பிய பக்கம் சேரலாம் என்பது அதில் ஒரு நிபந்தனை. குஸாஆ கூட்டத்தார் நபி (ஸல்) அவர்களோடு சேர்ந்தார்கள். பனூ பக்ர் கூட்டத்தார் குரைஷிகளோடு சேர்ந்தார்கள்.

இரண்டாண்டு கூட முழுமையாக ஆகவில்லை. பழைய பகையைத் தீர்க்க பனூ பக்ர் கூட்டத்தார், அல்வத்தீர் என்ற நீர்நிலையில் இருந்த குஸாஆக்கள் மீது இரவில் பாய்ந்தார்கள். குரைஷிகள் படை திரட்டிப் பகிரங்கமாக வரவில்லை. ஆயுதம் கொடுத்தார்கள். இருட்டில் சிலர் மறைந்து நின்று சண்டையிட்டார்கள். 'அது இரண்டு கூட்டத்தாருக்குள் நடந்த சண்டை' என்று கைகழுவிக்கொள்ளலாம் என நினைத்திருப்பார்கள்.

ஆனால் அது ஒப்பந்த முறிவாகவே ஆனது. குஸாஆவின் அம்ர் இப்னு ஸாலிம் மதீனா வந்து முறையிட்டார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஓடிவந்த அபூஸுஃப்யான் வெறுங்கையோடு திரும்பினார். ஹிஜ்ரி 8 ரமளானில் 10,000 தோழர்களோடு நபி (ஸல்) அவர்கள் மக்கா நோக்கிப் புறப்பட்டார்கள். ஆயுதத்தைக் கொடுத்தவனும் அந்தப் போரில் இருந்தவன்தான் என்பது இந்த வரலாறு தரும் முதல் பாடம்.

இரண்டாவது பாடத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. மக்கா வெற்றிக்கு மறுநாள், அதே குஸாஆ கூட்டத்தார் பழைய பழிக்காக ஹுதைல் கூட்டத்து மனிதர் ஒருவரைக் கொன்றுவிட்டார்கள். நேற்று வரை அநீதியிழைக்கப்பட்டவர்கள் இன்று அநீதி செய்தார்கள். நபி (ஸல்) அவர்கள் 'நம்மவர்கள்தானே' என்று விடவில்லை. கொலையை நிறுத்தும்படி அவர்களைக் கண்டித்து, கொல்லப்பட்டவருக்கான தியத்தை, அதாவது உயிருக்கான ஈட்டுத்தொகையை, தாமே பொறுப்பேற்றார்கள். யாருக்காகப் புறப்பட்டு வந்தார்களோ, அவர்கள் செய்த தவறுக்கும் பொறுப்பெடுத்தார்கள்.

இந்த இரண்டு பாடங்களையும் மனதில் வைத்துக்கொண்டு, நம் காலத்தில் நம் வாசலிலேயே நடந்ததைப் பாருங்கள்.

நம் வாசலில் நடந்தது

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மீது பெரும் வன்கொடுமை நடந்தது. வெலிக்கடை சிறையில் மட்டும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது. அவர்கள் உண்மையிலேயே அநீதியிழைக்கப்பட்டவர்கள்.

அப்போது நம் நாடு இரண்டு வேலை செய்தது. ஒன்று, ஓடி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது. இன்னொன்று, ஈழப் போராளி இயக்கங்களுக்கு ரகசியமாகப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. பயிற்சி முகாம்கள் வடநாட்டிலும் இருந்தன, தமிழ்நாட்டிலும் இருந்தன. நம் பக்கத்து சேலம் மாவட்டத்தில், மேட்டூரை அடுத்த கொளத்தூரில் விடுதலைப் புலிகளின் முகாம் இருந்தது. தமிழக முதல்வராக இருந்த எம்.ஜி.ஆர். அவர்களும் புலிகளுக்கு நிதி கொடுத்தார். கொடுத்தவர்களின் எண்ணம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

1986இல் புலிகள் சக இயக்கமான டெலோவைத் தாக்கி, அதன் தலைவர் சிறீ சபாரத்தினத்தையும் ஏராளமான இளைஞர்களையும் கொன்றார்கள். 1987 ஜூலை 29இல் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, இந்திய அமைதிப்படை அங்கே போனது. அக்டோபரில் அந்தப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. நாம் பயிற்சி கொடுத்தவர்கள் நம் சிப்பாய்களைச் சுட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். அந்தப் போரில் யாழ்ப்பாணத்துப் பொதுமக்களும் நம் படையின் கையால் மடிந்தார்கள்.

இலங்கை அரசும் இதே தவறைச் செய்தது. நம் படையை வெளியேற்றுவதற்காக, அதிபர் பிரேமதாச 1989இல் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1993 மே 1இல் கொழும்பில் பிரேமதாச கொல்லப்பட்டார். இரண்டுமே புலிகளின் தற்கொலைத் தாக்குதல்கள். ஆயுதம் கொடுத்த இரண்டு நாடுகளும் தங்கள் தலைவர்களைப் பறிகொடுத்தன.

காத்தான்குடி

1990 ஆகஸ்ட் 3. இன்று போல ஒரு வெள்ளிக்கிழமை. மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியில் மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யா பள்ளிவாசலிலும் இஷா தொழுகை நடந்துகொண்டிருந்தது. தொழுதுகொண்டிருந்தவர்கள் மீது புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஷஹீதானார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம்.

அன்று சுட்ட துப்பாக்கி நம் நாடு கொடுத்ததா என்பதல்ல கேள்வி. அந்த இயக்கம் வளர நாமும் தண்ணீர் ஊற்றினோம். காத்தான்குடியின் மையித்துகளுக்கு தியத் கொடுத்தவர் யார்? பொறுப்பேற்றவர் யார்?

இதைச் சொல்லும்போது யாரும் தமிழ்ச் சகோதரர்கள் மீது வெறுப்புக் கொள்ள வேண்டாம். ஒரு சமூகத்தின் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்பது அல்லாஹ்வின் கட்டளை (5:8). கிழக்கில் இலங்கை அரசு முஸ்லிம் இளைஞர்களுக்கும் ஆயுதம் கொடுத்து ஊர்க்காவல் படையாக நிறுத்தியது. அவர்களில் சிலரின் கையால் தமிழ்க் கிராமத்து அப்பாவிகளும் கொல்லப்பட்டார்கள். நமக்கே எதிராக இருந்தாலும் உண்மையான சாட்சி சொல்ல வேண்டும் (4:135). அதனால் இதையும் சொல்கிறேன்.

இப்போது அந்தத் தம்பியின் இரண்டாவது கேள்வி

தம்பியின் வாதம் பலமானது. பலவீனமான ஆண்கள், பெண்கள், குழந்தைகளுக்காகப் போராடாமல் இருப்பது ஏன் என்று குர்ஆன் கேட்கிறது (4:75). அது உண்மை. அதே குர்ஆன், மார்க்கத்தில் நம் சகோதரர்கள் உதவி கேட்டால் உதவுவது கடமை, ஆனால் நம்மோடு உடன்படிக்கை செய்துகொண்ட சமுதாயத்துக்கு எதிராக அப்படி உதவக் கூடாது என்றும் வரம்பு வைத்திருக்கிறது (8:72). பாசத்துக்கும் வாக்குறுதிக்கும் நடுவே நிற்கும் நிலை வந்தால், மறைமுகமாக வாக்கை முறிக்க முஃமினுக்கு வழியில்லை.

"குஸாஆவுக்காக நபி (ஸல்) அவர்கள் படையோடு போனார்களே" என்று கேட்கலாம். ஆம், போனார்கள். ஆனால் ஆயுதத்தைக் குஸாஆவிடம் கொடுத்துவிட்டு மதீனாவில் உட்காரவில்லை. ஒப்பந்தத்தை முறித்தது எதிர்த் தரப்பு. தாமே தலைமை ஏற்று, கடிவாளத்தைத் தம் கையில் வைத்து, பொது மன்னிப்பில் முடித்தார்கள். ஆயுதத்தையும் பணத்தையும் அனுப்பிவிட்டு ஒதுங்கி நிற்கும் நாட்டிடம் அந்தக் கடிவாளம் இல்லை. யாரைச் சுட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், நாளை அந்த ஆயுதம் யார் கைக்குப் போக வேண்டும் என்று அதனால் சொல்ல முடியாது.

ஆப்கானிஸ்தானிலும் இதைக் கண்டோம். சோவியத் படையை எதிர்க்க அமெரிக்காவும் பாகிஸ்தானும் முஜாஹிதீன் குழுக்களுக்கு ஆயுதம் குவித்தன. 1989இல் சோவியத் படை வெளியேறியது. 1992இலிருந்து அதே குழுக்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு காபூல் நகரைத் தரைமட்டமாக்கின. சுட்டவரும் கலிமா சொன்னவர், செத்தவரும் கலிமா சொன்னவர்.

ஆகவே தம்பிக்கு என் பதில் இது. அநியாயம் செய்கிற கைக்கு ஆயுதம் கொடுப்பது பாவம். அதில் சந்தேகமே இல்லை. நாம் நேசிக்கிறவர்களுக்கே ஆனாலும், ரகசியமாக ஆயுதத்தையும் பணத்தையும் அனுப்பிவிட்டு 'எனக்குப் பொறுப்பில்லை' என்பதும் சரியல்ல. அதுவும் உருவிய வாளைக் கைமாற்றுவதுதான். இந்த அளவுகோலை நமக்குப் பிடிக்காத நாட்டுக்கு மட்டும் வைத்தால் அது நீதியாகாது.

அப்படியென்றால் கைகட்டி நிற்பதா?

இல்லை. அநீதி செய்யும் சகோதரனுக்கும் உதவும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அது எப்படி என்று தோழர்கள் கேட்டார்கள். அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்றார்கள் (புகாரி). நம் நாட்டிலிருந்து அநியாயத்துக்கு ஆயுதம் போகக் கூடாது என்று சட்டத்துக்குட்பட்டுப் பேசுவதும், நம் மக்கள் பிரதிநிதிகளிடம் எழுதிக் கொடுப்பதும் அந்தக் கையைத் தடுப்பதுதான்.

இரண்டு தரப்பார் சண்டையிட்டால் சமாதானம் செய்து வைப்பது முதல் கடமை (49:9). பலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிவாரண அமைப்புக்கு நம் நாடு நிதி கொடுத்து வருகிறது. இன்னும் அதிகம் கொடுக்கும்படி கேட்போம். நீங்கள் ஸதகா கொடுப்பதானால், சட்டம் அனுமதித்த, கணக்குக் காட்டுகிற நிவாரண வழியில் உணவுக்கும் மருந்துக்கும் கொடுங்கள். யார் என்றே தெரியாதவர் கைபேசியில் அனுப்பும் கணக்கு எண்ணுக்குப் பணம் போடாதீர்கள். அது எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் கேள்வி உங்களிடம் வரும்.

1983இல் நம் நாடு செய்த இரண்டு வேலைகளைச் சொன்னேன். ஆயுதம் கொடுத்ததற்காக இன்று வரை கைசேதப்படுகிறோம். அடைக்கலம் கொடுத்ததற்காக யாரும் கைசேதப்படவில்லை. அப்போதிருந்து 3 லட்சத்துக்கும் அதிகமான இலங்கைத் தமிழர்கள் பல கட்டங்களாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். நம் தர்மபுரி மாவட்டத்திலேயே அவர்களுடைய மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்து, இன்னும் குடியுரிமைக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ ஆசைப்படுகிறவர், முதலில் அந்த வாசலுக்கும் ஒரு முறை போய் வாருங்கள்.

யா அல்லாஹ்! காஸாவிலும் உலகெங்கிலும் அநீதியிழைக்கப்பட்டவர்களுக்கு நீயே போதுமானவனாக இரு! காத்தான்குடி ஷுஹதாக்களின் அந்தஸ்தை உயர்த்துவாயாக! எங்கள் நாட்டின் கையை அநியாயத்திலிருந்து காத்து, சமாதானத்தின் பக்கம் திருப்புவாயாக! பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் ஒரே அளவுகோல் வைக்கும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.