பைபிளின் நூல்கள் தேர்வான வரலாறு – தெரிந்து பேசுவோம்

 



வேதங்களை நம்புவது ஈமானின் அடிப்படைகளில் ஒன்று. மூஸா (அலை) அவர்களுக்கு தவ்ராத்தும், தாவூத் (அலை) அவர்களுக்கு ஜபூரும், ஈஸா (அலை) அவர்களுக்கு இன்ஜீலும் அருளப்பட்டதை நம்பாதவர் முஃமினாக இருக்க முடியாது. அப்படியானால் நாம் நம்பும் இன்ஜீலும், கிறிஸ்தவ சகோதரர்களின் கையில் இருக்கும் புதிய ஏற்பாடும் ஒன்றுதானா? அந்த நூல்களைத் தேர்வு செய்தது யார்? எப்போது?

கல்லூரியிலும் வேலை செய்யும் இடத்திலும் நம் பிள்ளைகள் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறார்கள். அப்போது பலரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. கி.பி. 325-ல் நைசியா மாநாட்டில் கான்ஸ்டன்டைன் மன்னர் ஏராளமான சுவிசேஷங்களைக் குவித்து, ஓட்டெடுப்பு நடத்தி, நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எரித்துவிட்டார் என்பதே அந்தப் பதில். வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, வீடியோக்களில் வருகிறது, சில மேடைகளிலும் கேட்கிறது.

சகோதரர்களே! இந்தச் செய்தி சரியல்ல.

நைசியாவில் நடந்தது என்ன?

இன்றைய துருக்கியில் உள்ள இஸ்னிக் நகரம்தான் அன்றைய நைசியா. மன்னர் கான்ஸ்டன்டைன் அழைத்ததன் பேரில் சுமார் 300 பிஷப்புகள் அங்கே கூடினார்கள். அவர்கள் முன் இருந்த முக்கியப் பிரச்சினை ஆரியஸ் என்பவரின் கொள்கை. அவர் அலெக்ஸாந்திரியாவின் பாதிரியார். ஈஸா (அலை) அவர்கள் படைக்கப்பட்டவர், இறைவனுக்குச் சமமானவர் அல்ல என்று போதித்தார். மாநாடு அவரை நிராகரித்து ஒரு விசுவாசப் பிரமாணத்தை வகுத்தது. ஈஸ்டர் பண்டிகை நாளைப் பற்றியும் முடிவெடுத்தது. திருச்சபை நிர்வாகம் தொடர்பாக 20 சட்டங்களை இயற்றியது. அந்த இருபதில் ஒன்றுகூட வேத நூல்களின் பட்டியலைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு இந்தக் கதை எங்கிருந்து வந்தது? ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட ஒரு கிரேக்க நூலில்தான் இதற்கு அடிப்படை இருக்கிறது. மாநாட்டில் நூல்களைப் பலிபீடத்தருகே வைத்துப் பிரார்த்தித்ததாகவும், உண்மையானவை மேலே நிற்க, பொய்யானவை கீழே போனதாகவும் அந்நூல் சொல்கிறது. சம்பவத்துக்கும் அந்த நூலுக்கும் இடையே 500 ஆண்டுகளுக்கு மேல்! பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் இதைப் பரப்பினார். 2003-ல் வெளிவந்த 'டா வின்சி கோட்' என்ற நாவல், நூல்களைத் தேர்வு செய்தது கான்ஸ்டன்டைன்தான் என்ற எண்ணத்தை உலகெங்கும் கொண்டு சேர்த்தது.

ஒரு ஹதீஸ் வந்தால் இஸ்னாத் எங்கே, அறிவிப்பாளர் யார், ஒருவருக்கொருவர் சந்தித்தார்களா என்று கேட்கும் சமுதாயம் நாம். அறுந்துபோன இஸ்னாதுள்ள ஒரு கதையை, அதுவும் ஒரு நாவலின் தயவில் பிரபலமானதை, தீனின் ஆதாரமாக எடுத்து வைக்கலாமா?

உண்மையான வரலாறு

புதிய ஏற்பாட்டில் 27 நூல்கள் உள்ளன. நான்கு சுவிசேஷங்கள், அப்போஸ்தலர் நடபடிகள், 21 நிருபங்கள், வெளிப்படுத்தின விசேஷம். அனைத்தும் கிரேக்க மொழியில் நமக்குக் கிடைப்பவை. இவற்றில் மிகப் பழையவை சுவிசேஷங்கள் அல்ல, பவுலின் கடிதங்கள் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. அவை கி.பி. 50-களைச் சேர்ந்தவை. சுவிசேஷங்கள் ஏறத்தாழ 70 முதல் 100-க்குள் எழுதப்பட்டவை என்பர் பெரும்பாலோர். லூக்கா தன் நூலின் தொடக்கத்திலேயே, தனக்கு முன் பலர் இந்த வரலாற்றை எழுத முற்பட்டதாகவும், தானும் விசாரித்து எழுதுவதாகவும் கூறுகிறார்.

இரண்டாம் நூற்றாண்டில் பல நூல்கள் புழக்கத்தில் இருந்தன. சுமார் 144-ல் ரோம் நகரில் மார்சியன் என்பவர் பழைய ஏற்பாட்டை முழுவதுமாக ஒதுக்கினார். லூக்காவின் சுவிசேஷத்தைத் தன் கொள்கைக்கேற்ப வெட்டிச் சுருக்கி, அதனுடன் பவுலின் பத்து கடிதங்களை மட்டும் சேர்த்துத் தனி வேதமாக வைத்துக்கொண்டார். சபை அவரை விலக்கியது. ஆனால் "எங்கள் நூல்கள் எவை?" என்று மற்றவர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டிய அவசியத்தை அவர் உண்டாக்கிவிட்டார். சுமார் 180-ல் லியோன் நகர பிஷப் இரேனியஸ், சுவிசேஷங்கள் நான்குதான், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று வாதிட்டார்.

அதே காலத்தில் சிரியா பகுதியில் நிலைமை வேறு. தாத்தியான் என்பவர் நான்கையும் கோர்த்து ஒரே நூலாக ஆக்கினார். அதற்கு தியாத்தெஸ்ஸரோன் என்று பெயர். சிரியாக் மொழி பேசிய சபைகள் ஐந்தாம் நூற்றாண்டு வரை அதையே ஓதி வந்தன. தியோடரெட் என்ற பிஷப் தன் பகுதியில் மட்டும் அதன் 200-க்கும் மேற்பட்ட பிரதிகளை அகற்றி, தனித்தனி நான்கு சுவிசேஷங்களை வைத்தார்.

இன்னொரு சம்பவம். சுமார் 200-ல் அந்தியோகியாவின் பிஷப் செராப்பியோன், பேதுருவின் பெயரிலிருந்த ஒரு சுவிசேஷத்தை ஒரு சபையார் வாசிப்பதை முதலில் அனுமதித்தார். பிறகு தானே படித்துப் பார்த்து, கொள்கைக்கு மாறானவை அதில் உள்ளன என்று தடுத்தார். அன்று எந்த அளவுகோல்களைக் கொண்டு நூல்கள் ஏற்கப்பட்டன என்பது இதிலிருந்து விளங்கும். அப்போஸ்தலர்களோடு தொடர்புடையதா? சபையின் கொள்கைக்கு ஒத்ததா? பரவலாகப் பல சபைகளில் ஓதப்படுகிறதா? இவையே அந்த அளவுகோல்கள்.

நைசியா மாநாடு நடந்த காலத்திலேயே வரலாற்றாசிரியர் யூசிபியஸ், எல்லோரும் ஏற்றவை, சர்ச்சைக்குரியவை, ஒதுக்கப்பட வேண்டியவை என்று நூல்களை வகை பிரித்து எழுதினார். யாக்கோபு, யூதா, இரண்டாம் பேதுரு, இரண்டாம் மூன்றாம் யோவான் ஆகிய நிருபங்கள் சர்ச்சைக்குரியவை வரிசையில் இருந்தன. வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றியும் அன்று ஒருமித்த கருத்து இல்லை. நான்காம் நூற்றாண்டின் புகழ்பெற்ற சினாய் கையெழுத்துப் பிரதியில் இன்றைய 27 நூல்களோடு பர்னபாவின் நிருபமும், ஹெர்மாஸின் மேய்ப்பன் என்ற நூலும் சேர்ந்தே இருக்கின்றன.

இன்றுள்ள அதே 27 நூல்களும் முதன்முதலாக ஒரே பட்டியலில் வருவது 367-ல். அலெக்ஸாந்திரியாவின் பிஷப் அத்தனாசியஸ் தன் சபைகளுக்கு எழுதிய பண்டிகைக் கடிதத்தில் அவற்றை வரிசைப்படுத்தினார். 393-ல் ஹிப்போவிலும் 397-ல் கார்த்தேஜிலும் கூடிய வட ஆப்பிரிக்க மாநாடுகள் அதே எண்ணிக்கையை ஏற்றன. ஆனால் அவை ஒரு வட்டாரத்தின் மாநாடுகள். சிரியாக் மொழியின் பெஷித்தா பைபிளில் 22 நூல்களே இருந்தன. நம் பக்கத்தில் கேரளத்தின் பழைய சிரியன் கிறிஸ்தவர்களும் அதையே பயன்படுத்தினார்கள். 1599-ல் போர்ச்சுக்கீசியர் கூட்டிய உதயம்பேரூர் மாநாடு, விடுபட்டிருந்த ஐந்து நூல்களையும் சேர்க்கச் சொன்னது. கத்தோலிக்க சபை உலகளாவிய மாநாட்டின் மூலம் தன் பட்டியலை உறுதியாக அறிவித்தது 1546-ல், ட்ரென்ட் நகரில்.

இன்றும் புராட்டஸ்டன்ட் பைபிளில் 66 நூல்கள், கத்தோலிக்க பைபிளில் 73, எத்தியோப்பிய சபையின் கணக்கில் 81. நம்மூர்ப் புத்தகக் கடைகளில் இரண்டு தமிழ் பைபிள்களை எடுத்துப் பார்த்தாலே முதல் இரண்டு கணக்குகளின் வித்தியாசம் தெரியும். அந்த இரண்டிலும் வேறுபாடு பழைய ஏற்பாட்டில்தான், புதிய ஏற்பாட்டில் இல்லை. இதையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இதிலிருந்து நாம் விளங்குவது

ஒரு மன்னர் ஒரே நாளில் செய்த சதி அல்ல இது. பல ஊர்களில், பல தலைமுறைகளில், மனிதர்கள் ஆராய்ந்து, வாதிட்டு, மெல்ல மெல்ல ஒன்றுபட்ட பட்டியல். பரிசுத்த ஆவி அந்த எழுத்தாளர்களையும் சபையையும் வழிநடத்தியது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. ஈஸா (அலை) அவர்கள் மீது ஒரு நூல் இறங்கியது, அதுதான் இந்த நான்கு சுவிசேஷங்கள் என்று அவர்களே வாதிடுவதில்லை. அவரைப் பற்றிய சாட்சியங்கள் என்றே சொல்கிறார்கள்.

நம்முடைய கேள்வி வேறு. அல்லாஹ் ஈஸா (அலை) அவர்களுக்கு இன்ஜீலைக் கொடுத்ததாக அல்மாயிதா சூராவின் 46-ஆம் வசனத்தில் கூறுகிறான். ஒரு நபிக்கு அருளப்பட்ட வஹீ வேறு, அந்த நபியின் வரலாற்றைப் பிறர் எழுதிய நூல் வேறு. நம்மிடமும் குர்ஆன் வேறு, ஸீரா நூல் வேறு அல்லவா? நான்கு சுவிசேஷங்களின் உள்ளே எழுதியவர் தன் பெயரைச் சொல்லவில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்பவை மரபு வழி வந்த பெயர்கள். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஆசிரியர் யாரென்று இறைவனே அறிவான் என மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஒரிகனே கூறியதாக யூசிபியஸ் பதிவு செய்திருக்கிறார். நம் வேறுபாட்டை எடுத்துச் சொல்ல இந்த உண்மைகளே போதும். இட்டுக்கட்டிய கதை எதற்கு?

பர்னபா சுவிசேஷம்

இன்னொரு எச்சரிக்கை. பர்னபா சுவிசேஷம் என்ற நூலை நம்மில் சிலர் மகிழ்ச்சியோடு தூக்கிப் பிடிக்கிறார்கள். அதில் நபி (ஸல்) அவர்களின் பெயர் வருகிறது என்பதே காரணம். சினாய் பிரதியில் உள்ள பர்னபாவின் நிருபம் வேறு, இது வேறு. இந்தச் சுவிசேஷத்தின் பழைய பிரதி இத்தாலிய மொழியில், பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டது. கலிலேயா ஏரியிலிருந்து உள்ளே தள்ளி மேட்டில் இருக்கும் நாசரேத்துக்குப் படகில் போய்ச் சேர்ந்ததாக அதில் வருகிறது.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஈஸா (அலை) அவர்கள் தாம் மஸீஹ் அல்ல என்று மறுப்பதாக அந்நூல் சொல்கிறது. குர்ஆனோ ஆல இம்ரான் சூராவின் 45-ஆம் வசனத்தில் அவர்களை அல்மஸீஹ் என்றே அழைக்கிறது. குர்ஆனுக்கு முரணான ஒரு நூலைக் கொண்டு குர்ஆனுக்கு உதவி செய்யப் போகிறோமா?

நம்மிடமும் கேட்பார்கள்

"உஸ்மான் (ரலி) அவர்கள் குர்ஆன் பிரதிகளை எரித்தார்களே?" என்று கேட்பார்கள். மறைக்க ஒன்றுமில்லை, அது புகாரியிலேயே இருக்கிறது. யமாமா போரில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி அபூபக்ர் (ரலி) அவர்கள் ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பேரீச்ச மட்டைகளிலிருந்தும் கற்பலகைகளிலிருந்தும் மனிதர்களின் நெஞ்சங்களிலிருந்தும் அவர்கள் திரட்டினார்கள். பிறகு ஓதுவதில் மக்கள் பிணங்குவதைக் கண்டு ஹுதைஃபா (ரலி) அவர்கள் எச்சரித்தபோது, உஸ்மான் (ரலி) அவர்கள் அந்த மூலத்திலிருந்தே பிரதிகள் எடுத்து அனுப்பி, மற்றவற்றை எரிக்கச் சொன்னார்கள். பலர் எழுதிய பல நூல்களில் எது வேதம் என்ற கேள்வி அங்கே எழவில்லை. ஐவேளைத் தொழுகையில் ஓதப்பட்டு வந்த ஒரே வேதத்தை ஏட்டில் ஒழுங்குபடுத்தினார்கள். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்கிறோமா?

பேசும் முறை

அன்புச் சகோதரர்களே! அறிவில்லாத ஒன்றின் பின்னால் போகக் கூடாது, செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்கிறது அல்இஸ்ரா சூராவின் 36-ஆம் வசனம். ஒரு கூட்டத்தார் மீதான பகை நீதி தவறச் செய்யக் கூடாது என்கிறது அல்மாயிதா 8-ஆம் வசனம். வேதமுடையோரிடம் அழகிய முறையிலன்றி விவாதிக்க வேண்டாம் என்கிறது அல்அன்கபூத் 46-ஆம் வசனம். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராக ஆகப் போதுமானது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. வேதக்காரர்கள் தங்கள் நூலிலிருந்து சொல்வதை அப்படியே உண்மை என்று ஏற்கவும் வேண்டாம், பொய் என்று மறுக்கவும் வேண்டாம், அல்லாஹ் அருளிய அனைத்தையும் நம்பினோம் என்று கூறுங்கள் என வழிகாட்டியது புகாரியில் வருகிறது.

ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் நைசியா கதையைச் சொல்கிறீர்கள். அவர் விஷயம் தெரிந்தவராக இருந்து, இது நடக்கவே இல்லை என்று நிரூபித்துவிட்டால் என்னாகும்? அடுத்து நீங்கள் தவ்ஹீதைப் பற்றிச் சொல்லும் உண்மையையும் அவர் சந்தேகிப்பார். நம் ஒரு பொய்த் தகவல், ஒரு மனிதருக்கும் ஹிதாயத்துக்கும் இடையே சுவராக நின்றுவிடக் கூடாது. ஆகவே அனுப்பும் முன் விசாரியுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதில் இழிவில்லை.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் நாவுகளை உண்மையில் நிலைக்கச் செய்வானாக! தன் வேதங்கள் அனைத்தையும் சரியாக நம்பி, இறுதி வேதமான குர்ஆனின்படி வாழும் பாக்கியத்தை நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.